ஒழுகும் பெற்றோலும் சூடேறும் எஞ்சினும்

(ஹட்டன் நகரில், தோட்டப்புற இளைஞர்களும் கராஜ் தொழிலாளர்களும் கூடியிருந்த அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பழைய மோட்டார் சைக்கிளில் பெற்றோல் ஒழுகுவது பற்றியும் எஞ்சின் மிதமிஞ்சிச் சூடேறுவது பற்றியும் பேசும்படி கேட்டிருக்கிறீர்கள். மலையகத்தில் இது சிறிய விஷயம் இல்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு அந்தக் கதவு மறுபடி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இந்த ஐந்து வருட இடைவெளியில் நாம் புது வண்டி வாங்கவில்லை; இருந்ததைத் தட்டி நிமிர்த்தி ஓட்டினோம். கதவு திறந்த பிறகும் வரியோடு சேர்ந்த விலை கொழுந்து பறிக்கும் வீட்டுக்கு எட்டவில்லை. ஆகவே நம் மலைகளில் இன்றும் ஏறி இறங்குவது ஹொண்டா சிடி 125, எம்டி 90, யமஹா ஆர்எக்ஸ் 100, பஜாஜ் பொக்ஸர், சிடி 100 போன்ற வண்டிகள்தான். அனைத்தும் காற்றால் குளிரும் எஞ்சின்கள். அனைத்திலும் இருப்பது கார்புரேட்டர். கந்தப்பளையில் லீக்ஸ் மூட்டையைச் சுமப்பதும், பொகவந்தலாவைக்கு ஆசிரியரைக் கொண்டுபோவதும், நள்ளிரவில் நோயாளியை டிக்கோயா ஆதார வைத்தியசாலைக்குச் சேர்ப்பதும் இவைதான். பஸ் வராத தோட்டப் பாதையில் இந்த வண்டி நின்றுபோனால் ஒரு குடும்பத்தின் அன்றைய அலுவல் முழுவதும் நின்றுபோகும்.

கராஜுக்கு வருகிறவர்கள் இந்த இரண்டையும் தனித்தனி நோயாகச் சொல்கிறார்கள். ஒருவர் ‘பெற்றோல் ஒழுவுதுண்ணே’ என்பார். இன்னொருவர் ‘ஏத்தத்துல எஞ்சின் கொதிக்குது’ என்பார். நாமும் தனித்தனியாகவே பார்த்து, முதலாமவருக்குக் கார்புரேட்டரை மாற்றுகிறோம், இரண்டாமவருக்குப் பிஸ்டனை மாற்றுகிறோம். இந்த இரண்டு முறைப்பாடுகளுக்கும் பல நேரங்களில் வேர் ஒன்றுதான். பெற்றோல் எங்கே போகிறது என்று தெரிந்துகொண்டால் சூடு எங்கிருந்து வருகிறது என்பதும் பெரும்பாலும் தெரிந்துவிடும். இன்று நான் சொல்ல வந்தது இதைத்தான்.

முதலில் ஒழுகல். ஒரு பொருளைக் கழற்றுவதற்கு முன் வண்டிக்காரரிடம் கேள்வி கேளுங்கள். நிறுத்தியிருக்கும்போது ஒழுகுகிறதா, ஓடும்போதா? பெற்றோல் டேப்பை மூடிய பிறகும் ஒழுகுகிறதா? எந்த இடத்தில் நிறுத்தினாலுமா, லயத்துக்குப் போகும் சரிவில் நிறுத்தினால் மட்டுமா? இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. பிறகு வண்டியைத் திறந்த வெளியில், சமதரையில், நடு ஸ்டாண்டில் நிறுத்தி எஞ்சினை ஆறவிடுங்கள். பெற்றோல் தாங்கியின் அடிப்பகுதி, டேப், குழாய், கார்புரேட்டர் எல்லாவற்றையும் பழந்துணியால் ஈரமில்லாமல் துடையுங்கள். கீழே ஒரு பத்திரிகைத் தாளை விரியுங்கள். டேப்பை மூடியபடி பத்து நிமிடம் பாருங்கள். பிறகு திறந்து பத்து நிமிடம் பாருங்கள். முதலில் நனைவது எந்த இடம் என்பதே கேள்வி. பெற்றோல் உலோகத்தின் மேல் வழிந்து வேறிடத்தில் போய்ச் சொட்டும். சொட்டும் இடத்தைப் பார்த்து ஏமாறாமல் மேலே தேடுங்கள். பெற்றோல் பறந்துவிடும், ஆனால் கறை நிற்கும். புழுதி படிந்த இடத்தில் ஒரு கோடு மட்டும் சுத்தமாகத் தெரிந்தால், அல்லது மஞ்சள் படலம் படிந்திருந்தால், அதன் உச்சியில்தான் ஒழுகலின் வாய் இருக்கிறது.

டேப் மூடியிருக்கும்போதே நனைந்தால் குற்றம் தாங்கியிலோ, டேப்பிலோ, தாங்கியின் மூடியிலோ. டேப்பின் கைப்பிடிக்குப் பின்னால் உள்ள ரப்பர் வொஷர் காய்ந்து வெடித்திருக்கும். டேப் தாங்கியோடு சேரும் இடத்தின் ஓ-ரிங் தட்டையாகியிருக்கும். இரண்டும் மிகக் குறைந்த செலவில் மாற்றக்கூடியவை. டேப்பைத் திறந்த பிறகு மட்டும் நனைந்தால் குழாயைப் பாருங்கள். பழைய குழாய் நடுவில் நன்றாக இருக்கும், இரண்டு முனைகளிலும் கிளிப் கவ்வும் இடத்தில்தான் வெடிக்கும். குழாய் நீளம் இருந்தால் முனையை அரை அங்குலம் வெட்டிவிட்டு மறுபடி செருகலாம். கடையில் கிடைக்கும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாயைப் போடாதீர்கள். அழகாக இருக்கும், உள்ளே பெற்றோல் ஓடுவது தெரியும். சில மாதத்தில் கட்டையாகிச் சுருங்கி, நுவரெலியாக் குளிரில் முனையிலிருந்து நழுவிவிடும். பெற்றோலுக்கென்று செய்த ரப்பர் குழாயையே கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது கார்புரேட்டர். அதன் அடிக்கிண்ணத்திலிருந்து கீழே தொங்கும் சிறு குழாய் வழியாகச் சொட்டினால், அது கார்புரேட்டர் உடைந்ததற்கு அடையாளம் இல்லை. அது தன் வேலையைச் செய்கிறது. உள்ளே ஒரு மிதவை இருக்கிறது. வீட்டுத் தண்ணீர்த் தாங்கியில் நீர் நிறைந்ததும் குழாயை மூடும் மிதவையைப் போலவே இதுவும் வேலை செய்கிறது. கிண்ணத்தில் பெற்றோல் மட்டம் ஏறியதும் மிதவை உயர்ந்து ஒரு நீடிலைத் தள்ளி வழியை அடைக்கும். நீடில் முழுமையாக அமராவிட்டால் மட்டம் ஏறிக்கொண்டே போய், மிகுதி அந்தக் குழாய் வழியே வெளியே வரும். நீடில் அமராமைக்கு முதல் காரணம் ஒரு துகள் துரு. ஸ்குரூட்ரைவரின் கைப்பிடியால் கிண்ணத்தை மெதுவாக இரண்டு தட்டு தட்டுங்கள். சொட்டு நின்றால் காரணம் குப்பை. நிற்காவிட்டால் கிண்ணத்தைக் கழற்றி நீடிலின் நுனியைப் பாருங்கள். நுனியைச் சுற்றி வளையம் போல் தேய்ந்திருந்தால் நீடிலை மாற்ற வேண்டும். மிதவையைக் காதருகே குலுக்குங்கள். உள்ளே சத்தம் கேட்டால் அதில் ஓட்டை விழுந்து பெற்றோல் புகுந்திருக்கிறது.

இவற்றில் ஒன்றுமே இல்லாமலும் ஒழுகும். நம் தோட்டங்களில் சமதரை எங்கே இருக்கிறது? லயத்து வாசல் முதல் பிரட்டுக்களம் வரை எல்லாம் சரிவு. பக்க ஸ்டாண்டில், அதுவும் சரிவில், வண்டி சாய்ந்து நிற்கும்போது மிதவை தன் மட்டத்தைத் தவறாகக் கணிக்கும். பழுதே இல்லாத கார்புரேட்டரும் அப்போது சொட்டும். அதற்கு மருந்து டேப்பை மூடுவது. நிறுத்தும் ஒவ்வொரு முறையும் டேப்பை மூடும் பழக்கம் நம்மவர்களிடம் மிகக் குறைவு. பல வண்டிகளில் அந்தக் கைப்பிடி வருடக்கணக்கில் அசையாமல் இறுகியே போய்விட்டது.

ஒரு சொட்டுதானே என்று நினைக்கலாம். பத்து விநாடிக்கு ஒரு சொட்டு என்று வையுங்கள். நாற்பது சொட்டு ஒரு மில்லிலீற்றர் என்று கொண்டாலும் ஒரு நாளில் 200 மில்லிலீற்றருக்கு மேல் போய்விடும். 2022 ஜூன் இறுதியில் 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபா விற்றது. அப்போது தோட்டத்தில் நாட்சம்பளம் 1,000 ரூபா. பிறகு பெற்றோலைப் பங்கிடும் கியூஆர் முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிடைத்தது வாரம் 4 லீற்றர். அந்த ஒரு சொட்டு, வாரப் பங்கில் மூன்றில் ஒன்றைத் தின்றுவிடும். வரிசையில் விடியவிடிய நின்று வாங்கிய பெற்றோல் அப்படி மண்ணுக்குப் போனதை இங்கே பலர் கண்டிருப்பீர்கள்.

அந்தப் பெற்றோல் நெருக்கடிக் காலம் நம் தாங்கிகளுக்கு இன்னொரு தீங்கும் செய்தது. மாதக்கணக்கில் வண்டிகள் வெறுந்தாங்கியோடு நின்றன. மூடுபனியும் மழையும் மாறிமாறி வரும் நம் மலையில் வெறுந்தாங்கிக்குள் இருக்கும் காற்று இரவில் குளிர்ந்து, உட்சுவரில் நீராகப் படியும். நீர் பெற்றோலைவிடக் கனமானது, அடியில் தங்கும். அடித்தகடு துருப்பிடிக்கும். இன்று கார்புரேட்டருக்குள் நாம் காணும் செந்நிறப் பொடியில் ஒரு பகுதி அந்தக் காலத்தின் மிச்சம். துரு அடைக்கிறது என்று டேப்பின் மேல் உள்ள வலைச் சல்லடையைப் பிடுங்கி எறிந்துவிடுகிறார்கள். அன்று வண்டி ஓடும். பிறகு அதே துரு நேரே நீடிலுக்கும், பெற்றோலை அளந்து விடும் ஜெட்டுக்கும் போகும். சல்லடையைக் கழுவிப் போடுங்கள், தாங்கியைக் கழுவுங்கள். நீண்ட நாள் நிறுத்துவதானால் தாங்கியை நிறைத்து நிறுத்துங்கள்.

நிறைப்பதிலும் ஒரு அளவு உண்டு. பெற்றோல் சூட்டில் விரியும். குளிர்ந்த விடியலில் நுவரெலியாவில் பத்து லீற்றர் தாங்கியை விளிம்பு வரை நிரப்பி, பதினைந்து பாகை வெப்பம் கூடிய இடத்தில் வெயிலில் நிறுத்தினால் ஏறத்தாழ 140 மில்லிலீற்றர் விரிந்து வழியும். கழுத்துக்குக் கீழே இரண்டு விரல் இடம் விட்டால் போதும்.

தாங்கியின் மூடியைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நம் மலைதான் அதைச் சோதிக்கிறது. மூடியில் காற்று போய்வர ஒரு நுண்துளை உண்டு. புழுதியும் மெழுகும் சேர்ந்து அதை அடைத்துவிடும். அவிசாவளையில் பெற்றோல் அடித்து, மூடியை இறுக்கி, கித்துல்கலை, கினிகத்தேனை வழியாக ஹட்டன் ஏறி, தலவாக்கலை தாண்டி 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவுக்கு வருகிறீர்கள். வெளியே காற்றழுத்தம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. துளை முற்றாக அடைபட்ட தாங்கிக்குள் கீழ்நாட்டு அழுத்தத்தின் பெரும்பகுதி இன்னும் சிறைப்பட்டிருக்கிறது. அது பெற்றோலை நீடிலின் மேல், பெற்றோலின் சொந்தப் பாரத்தைவிடப் பல மடங்கு விசையோடு தள்ளும். நீடில் தோற்றுவிடும், கார்புரேட்டர் வழியும். மேலே மூடியை இறுக்கிவிட்டு இறங்கும்போது நடப்பது இதற்கு நேர் எதிர். தாங்கிக்குள் அழுத்தம் குறைவு, வெளியே அதிகம். பெற்றோல் இறங்க மறுக்கும். எஞ்சினுக்குக் காற்று அதிகம், பெற்றோல் குறைவு. அது சூடேறும், மூச்சுத் திணறும், நின்றுவிடும். மூடியைத் திறந்தால் ‘புஸ்’ என்று சத்தம் வரும், வண்டி மறுபடி ஓடும். ஏறும்போது ஒழுகல், இறங்கும்போது சூடு. இரண்டுக்கும் காரணம் குண்டூசி நுழையும் ஒரு துளை. இப்படி வந்த வண்டிக்குக் கார்புரேட்டரும் பிஸ்டனும் மாற்றப்பட்டதை நான் பார்த்திருக்கிறேன்.

உயரம் செய்யும் இன்னொரு வேலை கலவையை மாற்றுவது. நுவரெலியாவில் காற்று கொழும்பைவிட ஏறத்தாழ நூற்றுக்குப் பதினைந்து பங்கு அடர்த்தி குறைந்தது. கார்புரேட்டருக்கு அது தெரியாது. அதே ஜெட் வழியாக ஏறக்குறைய அதே பெற்றோலை விடும். ஆகவே கீழ்நாட்டு வண்டி மேலே வந்ததும் கலவையில் பெற்றோல் கூடிவிடும். புளக் கறுக்கும், கரும்புகை வரும், பெற்றோல் வாடை அடிக்கும், இழுவை குறையும். ‘பெற்றோல் எங்கயோ ஒழுவுது, ஓட்டம் கெடைக்கல’ என்று கொண்டுவருவார்கள். ஒரு சொட்டும் வெளியே போயிருக்காது; எல்லாம் சைலன்சர் வழியாகப் போகிறது. நம் கராஜ்காரர் கெட்டிக்காரர். ஜெட்டைச் சிறிதாக்குகிறார் அல்லது ஜெட் நீடிலின் கிளிப்பை ஒரு படி மாற்றிப் பெற்றோலைக் குறைக்கிறார். வண்டி நுவரெலியாவில் துள்ளி ஓடும். அதுவரை எல்லாம் சரி. அதே வண்டியை ஒரு பிள்ளை கொழும்புக்கு வேலைக்குக் கொண்டுபோகிறான். கீழே காற்று அடர்த்தியானது, ஜெட் சிறியது. கலவையில் பெற்றோல் போதாது. நான்கு மணி நேர ஓட்டத்தில் அவிசாவளைக்கு அப்பால் எஞ்சின் கொதிக்கும். புளக்கைக் கழற்றினால் வெள்ளையாக வெளிறியிருக்கும். மேலே ஒருவர் செய்த சரியான வேலை, கீழே எஞ்சினைக் கொல்லும். இதை யாருடைய பிழையென்றும் நான் சொல்ல மாட்டேன். மேலே ட்யூன் செய்த வண்டியைக் கீழே கொண்டுபோகுமுன் ஜெட்டைப் பழையபடி போட வேண்டும். ஜெட் மாற்றும் கராஜ்காரர் பழைய ஜெட்டை ஒரு சிறு உறையில் போட்டு வண்டிக்காரரின் கையில் கொடுத்து, ‘கீழ போகும்போது இதப் போட்டுக்க தம்பி’ என்று சொல்ல வேண்டும்.

இனி ஒழுகலும் சூடும் நேரடியாகக் கைகோக்கும் இடம். கார்புரேட்டரின் வெளியேற்றக் குழாயில் மண் அடைபட்டிருக்கிறது என்று வையுங்கள். நீடிலும் கசிகிறது. டேப்பை மூடாமல் இரவு முழுவதும் வண்டி நிற்கிறது. தரையில் ஒரு சொட்டும் இல்லை. ஒழுகல் நின்றுவிட்டதென்று மகிழ்ச்சி. உண்மையில் பெற்றோல் உள்வழியாகச் சிலிண்டருக்குள் இறங்கி, பிஸ்டன் வளையங்களைத் தாண்டி, ஒயிலோடு கலந்துவிட்டது. பெரும்பாலான 100 சிசி எஞ்சினில் இருப்பதே ஒரு லீற்றர் அளவு ஒயில். அதில் ஒரு கோப்பைப் பெற்றோல் சேர்ந்தால் அது தண்ணீராய் மெலிந்துவிடும். அந்த மெலிந்த ஒயிலோடு காலையில் இரண்டு பேர் ஏறி நோர்வூட்டிலிருந்து மஸ்கெலியாவுக்கு ஏறினால் எஞ்சின் சூடேறாமல் என்ன செய்யும்? ஆகவே சூடு என்று வரும் ஒவ்வொரு ஃபோர் ஸ்ட்ரோக் வண்டியிலும் முதலில் ஒயில் கோலை உருவுங்கள். மட்டம் குறைந்திருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறோம். கூடியிருக்கிறதா என்றும் பாருங்கள், மோந்து பாருங்கள். ஊற்றாத ஒயில் தானாகக் கூடாது. பெற்றோல் வாடை அடித்தால் அந்த ஒயிலோடு எஞ்சினை ஸ்டார்ட் செய்யவே கூடாது. கசிவை நிறுத்தி, ஒயிலை மாற்றிய பிறகே ஓட்ட வேண்டும்.

இன்னொரு கைகோப்பு நம் கையாலேயே நடப்பது. கார்புரேட்டர் கிண்ணத்தின் கேஸ்கட் ஒழுகுகிறது என்று சிலிக்கன் பசையைப் பூசிவிடுகிறோம். சாதாரண சிலிக்கன் பெற்றோலுக்குத் தாங்காது. ஊறி, பிய்ந்து, துணுக்காகி ஜெட்டை அடைக்கும். பெற்றோல் வரத்துக் குறையும், எஞ்சின் வெந்துபோகும். ஒழுகலை நிறுத்தச் செய்த வேலை சூட்டை உண்டாக்கிவிடும். பசை வேண்டாம், சரியான கேஸ்கட்டைப் போடுங்கள். அடைபட்ட ஜெட்டைக் கம்பியால் குத்தாதீர்கள். பித்தளை இளகியது, துளை பெருத்துவிடும். காற்றால் ஊதுங்கள். மிஞ்சினால் வயரிலிருந்து உருவிய ஒற்றைச் செப்பு இழை போதும்.

சூட்டைப் பற்றிச் சொல்லும்போது, உண்மையிலேயே அளவுக்கு மீறிய சூடா என்பதை முதலில் உறுதிசெய்யுங்கள். காற்றால் குளிரும் எஞ்சினின் தலைப்பகுதி வழமையாகவே நூறு பாகைக்கு மேலேதான் இருக்கும். எச்சில் தொட்டு ‘சுர்’ என்றது என்பதால் அது நோயாகாது. ஏற்றத்தில் திடீரென்று இழுவை விழுவது, எஞ்சினுக்குள் ‘கிணுகிணு’ என்று தட்டும் ஓசை, சாவியை மூடிய பிறகும் எஞ்சின் இரண்டு மூன்று முறை உதறிவிட்டு நிற்பது ஆகியவையே மெய்யான அடையாளங்கள்.

அவை இருந்தால், எஞ்சினைத் தொடுமுன் பின்சக்கரத்தைக் கையால் சுழற்றிப் பாருங்கள். மலையில் ஓட்டுகிறோம் என்ற பயத்தில் டிரம் பிரேக்கை மிதமிஞ்சி இறுக்கி வைத்திருப்போம். பிரேக் உரசியபடியே ஏற்றம் ஏறும் வண்டி எப்படிக் குளிரும்? செயின் விறைத்திருக்கிறதா, கிளச் நழுவுகிறதா என்று பாருங்கள். சத்தம் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை என்றால் கிளச். அடுத்தது சிலிண்டரைச் சுற்றியுள்ள இதழ்கள். தோட்டப் பாதையின் செம்மண் மழையில் தெறித்து அவற்றுக்கிடையே அப்பி, எஞ்சின் சூட்டில் காய்ந்து, செங்கல்லாகிவிடும். மலையில் காற்று ஏற்கெனவே மெல்லியது. முதல் கியரில், இரண்டாம் கியரில் மெதுவாக ஏறும்போது வீசும் காற்றும் குறைவு. அந்தக் கொஞ்சக் காற்றையும் சேறு தடுத்தால் எஞ்சினுக்கு வழியில்லை. ஆறிய எஞ்சினில் ஒரு பழைய பல் பிரஷும் தண்ணீரும் கொண்டு இதழ்களைத் துலக்குங்கள். செலவு இல்லாத இந்த வேலையால் தீர்ந்த சூடு, பிஸ்டன் மாற்றித் தீர்ந்ததைவிட அதிகம் என்று துணிந்து சொல்வேன். ஆனால் கொதிக்கும் எஞ்சினில், வழியில் வரும் பீலித் தண்ணீரைப் பிடித்து ஊற்றும் வழக்கத்தை விடுங்கள். சூட்டில் விரிந்த உலோகம் ஒரு பக்கம் மட்டும் சட்டென்று சுருங்கினால் வளையும், வெடிக்கும். கால் மணி நேரம் நிழலில் நிறுத்துங்கள்.

இவற்றுக்குப் பிறகுதான் வால்வு இடைவெளி, பொயின்ற் இடைவெளி, கார்புரேட்டரும் எஞ்சினும் சேரும் ரப்பர் இணைப்பு. அந்த இணைப்பில் வெடிப்பு இருந்தால் அங்கே திருட்டுக்காற்று புகும், கலவை மெலியும், சூடேறும். அதைக் கண்டுபிடிக்க எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, இணைப்பின் மேல் பெற்றோலைத் தெளித்துப் பார்க்கும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. ஓடும் எஞ்சினில், புளக் வயருக்குப் பக்கத்தில், பெற்றோல்! தயவுசெய்து வேண்டாம். சவர்க்கார நீரைத் தெளியுங்கள். எஞ்சினின் ஓசை மாறினால் ஓட்டை அங்கேதான்.

இறக்கத்தைப் பற்றி ஒரு சொல். பெற்றோலை மிச்சப்படுத்த எஞ்சினை அணைத்து, நியூட்ரலில் றம்பொடை இறக்கத்தில் உருட்டிப் போவது நெருக்கடிக் காலத்தில் பரவி இன்னும் போகவில்லை. முழுப் பாரமும் பிரேக்கில் விழும். டிரம் சூடேறினால் பிடி போய்விடும். மிஞ்சும் பெற்றோலோ ஒரு கோப்பை தேறாது. நானுஓயா ரதல்ல குறுக்கு வீதியில் 2023 ஜனவரியில் பஸ்ஸும் வானும் முச்சக்கர வண்டியும் மோதி 7 பேர் இறந்ததை நாம் மறக்கவில்லை. நம் இறக்கங்கள் எப்படிப்பட்டவை என்று நமக்கு வேறு யாரும் சொல்ல வேண்டியதில்லை. எந்தக் கியரில் ஏறுவீர்களோ அந்தக் கியரில் இறங்குங்கள். டூ ஸ்ட்ரோக் வண்டி வைத்திருப்பவர்கள் மட்டும் இன்னொன்றையும் கவனியுங்கள். அக்சிலேட்டரை முழுக்க மூடி நீண்ட இறக்கம் இறங்கும்போது பிஸ்டனுக்குப் போகும் ஒயிலும் குறைந்துவிடும். இடையிடையே கிளச்சைப் பிடித்து அக்சிலேட்டரை ஒரு முறை திருகிவிடுங்கள், ஒயில் போகட்டும்.

நான் மிகவும் அஞ்சுவதைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன். வண்டி களவு போகும் என்றும் மழையில் நனையும் என்றும் இரவில் அதை லயத்து இஸ்தோப்புக்குள், சில வீடுகளில் அடுப்படி வரைக்கும், ஏற்றி நிறுத்துகிறோம். நம் அறை எவ்வளவு பெரிது என்று உங்களுக்குத் தெரியும். அங்கேதான் விறகடுப்பு, அங்கேதான் பிள்ளைகள் படுக்கிறார்கள். பெற்றோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. மேலே போகாது, தரையோடு தவழும், பள்ளத்தில் தேங்கும். காற்றில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு அளவு சேர்ந்தாலே தீப்பற்றப் போதுமானது. நுவரெலியாவின் எந்தக் குளிரிலும் அது ஆவியாவது நிற்காது. பூச்சியத்துக்குக் கீழே நாற்பது பாகையிலும் தீப்பற்றக்கூடிய ஆவியைப் பெற்றோல் விடும். நள்ளிரவில் கசியும் நீடில், மூடாத டேப், விடியற்காலையில் தேநீருக்கு அடுப்பு மூட்டும் தாய். ஒரே கூரையின் கீழ் பத்து, பன்னிரண்டு குடும்பங்கள். லயத்தில் ஓர் அறையில் பிடித்த தீ வரிசையையே சாம்பலாக்கியதை இந்த மலைகள் பல முறை கண்டிருக்கின்றன. தீயணைப்பு வண்டி அந்த ஒற்றைப் பாதையில் ஏறி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

ஓட்டை விழுந்த தாங்கியை வெல்டிங் செய்யக் கொடுப்பதும் இதே ஆபத்துத்தான். பெற்றோலை வடித்துவிட்டால் தாங்கி வெறுமையாகிவிட்டதென்று நினைக்கிறோம். ஆவி நிறைந்த வெறுந்தாங்கிதான் பெற்றோல் நிறைந்த தாங்கியைவிடக் கொடியது. வழியில் ஊசித்துளை விழுந்தால் சவர்க்காரக் கட்டியை அழுத்தித் தேய்த்து வீடு வந்து சேரலாம். வந்ததும் பெற்றோலை வடித்து, கழுவி, பெற்றோல் தாங்கும் எபொக்சிப் பசையால் அடைக்கலாம். வெல்டிங்தான் வேண்டும் என்றால் தாங்கியைக் கழுவி, ஆவி நீக்கி, முறையாகச் செய்யத் தெரிந்தவரிடம் மட்டும் கொடுங்கள்.

தம்பிமாரே, இன்றிரவு வீட்டுக்குப் போனதும் டேப்பை மூடுங்கள். அது இறுகியிருந்தால் நாளைக்கே கழற்றிச் சரிசெய்யுங்கள். கராஜ் நடத்துகிறவர்கள், எந்த வேலைக்கு வண்டி வந்தாலும் அந்த டேப் மூடித் திறக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கொடுங்கள், அதற்குக் காசு கேட்காதீர்கள். தோட்ட நிருவாகங்களிடமும் தொழிற்சங்கங்களிடமும் பிரதேச சபை உறுப்பினர்களிடமும் நான் வேண்டுவது ஒன்றுதான். ஒவ்வொரு லயத்துக்கும் முப்பதடி தள்ளி, நான்கு மரத்தூணில் ஒரு தகரக் கூரை, வண்டிகளைச் சங்கிலியால் பூட்ட ஓர் இரும்புக் கம்பி, ஒரு மின்விளக்கு. வண்டி வெளியே பாதுகாப்பாக நிற்க இடம் இருந்தால் யாரும் அதை வீட்டுக்குள் ஏற்ற மாட்டார்கள். அந்தக் கொட்டகைகளைக் கட்டித் தாருங்கள்.